பனியா, பழமா?

துறைமுகத்து விளக்குக் கம்பத்தில் குடியிருந்த மைனா ஜோடி, கல்யாணமான கையோடு எங்கேயாவது கப்பலேறிப் போய்வர ஆசைப்பட்டது. கீழே இரண்டு கப்பல்கள் கிளம்பத் தயாராக நின்றன. ஒன்று பனி நாட்டுக்கு, இன்னொன்று பழத்தீவுக்கு.

பெண் மைனா பூவாயிக்குப் பனியைப் பார்த்தே ஆகவேண்டும். "தண்ணி கல்லாட்டம் உறைஞ்சு நிக்குமாமே! அதுமேல நடந்து பார்க்கணுங்க" என்றாள்.

அவள் புருஷன் சொக்கனுக்கோ பழம் என்றால் உயிர். "கல்லைப் பார்க்க அவ்வளவு தூரமா? தீவுல கொய்யா காலடியில உதிர்ந்து கிடக்குமாம்" என்றான். காலையில் தொடங்கிய பேச்சு உச்சிவெயில் வரைக்கும் முடியவில்லை.

அப்போது ஓர் ஆலாப் பறவை கம்பத்தில் வந்து இறங்கியது. இரண்டு ஊரையும் பார்த்த பறவை அது. சொக்கன் முந்திக்கொண்டு, "பழத்தீவு எப்படிங்க?" என்று கேட்டான்.

"ஒரு குறையும் இல்லை தம்பி. விடிஞ்சா புருஷன் ஒரு தோப்பு, பெண்டாட்டி ஒரு தோப்பு. பொழுது சாய்ஞ்சாலும் ஒருத்தரை ஒருத்தர் தேடறதில்லை."

"பனி நாடு?" என்றாள் பூவாயி.

"அங்கே ஒண்ணுமே இல்லையேம்மா. குளிர்தான். நாள் முழுக்க ஒட்டி உட்கார்ந்து கதை பேசிக்கிட்டிருக்கணும்."

கப்பல் சங்கு ஊதியதும் சொக்கன் முதல் ஆளாகப் பறந்துபோய்ப் பனி நாட்டுக் கப்பலில் உட்கார்ந்தான். பூவாயி ஆச்சரியத்தோடு பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

கப்பல் இன்னும் கரையை விட்டு நகரவில்லை. வெயில் கொளுத்தியது. சொக்கன் அவள் பக்கமாக மெல்ல நகர்ந்து, "ஏன் புள்ள, குளிர் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டான்.