சொந்தப் பதில்

தைவானின் தைனான் நகரில் அந்த மீன் கஞ்சிக் கடை இன்னும் இருந்தது. இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு கல்லூரித் தோழிகள் பெய்ஷானும் லிங்யுவும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"மூணாம் வருஷம் ஆராய்ச்சி உதவித்தொகை நேர்காணலுக்கு, ஒரு மாசம் இங்கேதான் கேள்வியா கேட்டு என்னை வறுத்தெடுத்தே, ஞாபகமிருக்காடி?" என்றாள் இப்போது பேராசிரியையாக இருக்கும் பெய்ஷான்.

"பின்னே? 'சோதனை தோத்துட்டா என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டதுக்கே அழுதியே!"

"அதுக்கு நீ சொல்லிக்கொடுத்த பதில்தான்டி உதவித்தொகையை வாங்கித் தந்துச்சு. 'தோத்ததைத்தான் முதல்ல எழுதி வைப்பேன்'னதும் நேர்காணல் எடுத்தவங்க நிமிர்ந்து உட்கார்ந்தாங்க." பெய்ஷான் கரண்டியைக் கீழே வைத்தாள். "துறைக்கே ஒருத்தருக்குத்தான். நீ ஏன் விண்ணப்பிக்கலை?"

லிங்யு கஞ்சியைக் கிளறினாள். "விண்ணப்பிச்சேனே. நீ வெளியே வந்து பஸ் ஏறினதும் உள்ளே போனது நான்தான்."

"சொல்லவே இல்லையே!"

"சொல்லியிருந்தா நீ போயிருக்கவே மாட்டே." லிங்யு சிரித்தாள். "எனக்கும் அதே கேள்வி. நானும் அதே பதிலைச் சொன்னேன். 'இப்பத்தான் ஒரு பொண்ணு இதைச் சொல்லிட்டுப் போச்சு. நீ சொந்தமா ஏதாவது சொல்லும்மா'ன்னுட்டாங்க!"