இராமநாதனுக்கு மூன்று கேள்விகள்

“உங்கட மனுசன் திரும்பி வந்திட்டார் போல கிடக்கு, அக்கா.”

வாசலில் நின்று விவேகானந்தன் சொன்னதும் லீலாதேவியின் கை தன்னாலே தெருப்பக்க ஜன்னலைச் சாத்தப் போனது. கணவர் இராமநாதனை மகியாவ மயானத்தில் எரித்து ஐந்து வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் அவள் மாலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறாள், படம் பார்க்கிறாள், தெருப்பக்க ஜன்னலைத் திறக்கிறாள். இருபத்தெட்டு வருடமாக அந்த ஜன்னலுக்கு, கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் கிளாக்கராயிருந்த அவர் அனுமதி கொடுக்கவில்லை. தெருவுக்கே தெரிந்த சங்கதி.

விவேகானந்தன் கம்பஸில் தத்துவம் படிப்பிக்கிறவர். முற்பிறவி பேசும் பிள்ளைகளைத் தேடி மலை மலையாக அலைகிறவரும்கூட. அவருக்குப் பின்னால் பன்வில தேயிலைத் தோட்டத்துக் கமலம். அவள் இடுப்பில் நாலு வயது மகள் பரிமளம்.

“கண்டியில என் வீடு, கச்சேரியில வேல, பேரு இராமநாதன்னு ஓயாம சொல்லுதும்மா,” என்றாள் கமலம்.

“உண்மையெண்டு கண்டால் ஒவ்வொரு கிழமையும் இஞ்ச கூட்டிக்கொண்டு வருவம்,” என்றார் விவேகானந்தன். “மூளைதான் மனம் எண்டு சொல்லுறது பிழை, அக்கா. மூளை வெறும் றேடியோப் பெட்டி. பெட்டி எரிஞ்சால் பாட்டு நிண்டு போயிடுமோ?”

“அந்தப் பாட்டை இருபத்தெட்டு வருசம் கேட்டனான், தம்பி. கேட்டது காணும், இனி வேண்டாம்.”

அவர் விடுகிற ஆளா? கதிரையை இழுத்துப் போட்டுக் கொப்பியை விரித்தார். நடு ஹோலில் இறக்கி விடப்பட்ட பிள்ளை, லீலாதேவியை ஏற இறங்கப் பார்த்தது.

விவேகானந்தன் சுவரிலிருந்து கச்சேரிக் குழுப்படத்தைக் கழற்றி நீட்டி, “இதில நீங்கள் ஆர்?” என்றார்.

பிள்ளை, பியூன் ஜமால்தீனைக் காட்டியது. லீலாதேவிக்கு மூச்சு வந்தது.

“நீங்கள் படுக்கிற அறை எது?”

சின்ன விரல் குசினி அடுப்புப் பக்கம் நீண்டது. லீலாதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரி, இந்த அக்காவைக் கலியாணம் முடிச்சது எங்க?”

“நான் கலியாணமே முடிக்கல.”

லீலாதேவி சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்து வீட்டு றம்லத் மிளகாய் இடிப்பதை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள்.

விவேகானந்தன் கொப்பியை மூடினார். முகத்தில் ஈயாடவில்லை. லீலாதேவியோ வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பிள்ளையின் கை நிறைய பிஸ்கட்டையும் திணித்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

பன்வில பஸ்ஸில் கமலம் மகளின் தலையில் செல்லமாகக் குட்டினாள். “தோட்டத்துல அவ்வளவு கத விட்டியே, அங்க போயி ஒண்ணுமே தெரியலயேடி?”

“எல்லாம் தெரியும்மா,” என்றது பிள்ளை, பிஸ்கட்டைக் கடித்தபடி. “நான் இருந்தப்ப லீலா சிரிச்சதே இல்ல. அதான் தப்புத் தப்பாச் சொன்னேன். எப்படிச் சிரிச்சா, பாத்தியா?”