தவ்ஹீத் வீட்டு ட்யூப் ஆம்ப்

சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, தவ்ஹீத்துக்குக் கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஒரு ட்யூப் ஆம்ப் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று எழிலனுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே கல்யாணக் கச்சேரிக் குழுவில் கிடார் வாசிப்பவர்கள். எழிலன் சிதம்பரம், தவ்ஹீத் கடலூர். பந்தி போட்டாச்சு என்று குரல் வந்தால் மண்டபமே எழுந்து போய்விடும், இவர்கள் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அதிலிருந்து தப்பிக்க இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. சென்னையில் ஓர் இசையமைப்பாளர், வெப் சீரிஸ் ஒன்றுக்குக் கிடார் வாசிக்க ஆள் தேடினார். இருவருக்கும் ஒரே மெட்டை அனுப்பி, வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். வேலை ஒருவருக்குத்தான்.

எழிலனிடம் இருந்தது லேப்டாப்பும் ஒரு சாஃப்ட்வேரும். கிடாரை அதில் சொருகினால் எந்த ஆம்ப்பின் சத்தத்தையும் அப்படியே போலச் செய்து காட்டும். ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம், பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாது. "இனிமே டிஜிட்டல்தான், எவன் அந்தப் பொட்டியத் தூக்கிச் சொமப்பான்" என்று போன வாரம் வரை குழுவில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் அவன்தான்.

மனசு கேட்காமல் கடலூருக்கே போய்ப் பார்த்தான். பழைய ரேடியோவில் இருந்ததுபோல் கண்ணாடி வால்வுகள் உள்ளே செக்கச்செவேலென்று எரிந்தன. தவ்ஹீத் சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்தான். சப்பென்று இருந்தது. எழிலனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"கொறச்சு வெச்சா இப்பிடித்தான் மச்சான். ஏத்துனாதான் இது பேசும்" என்று தவ்ஹீத் குமிழைத் திருப்பினான்.

ஒரே ஒரு தந்தியைத்தான் மீட்டினான். ஜன்னல் கதவு அதிர்ந்தது. இத்தனை நாளும் தன் சாஃப்ட்வேர் எதைப் போலச் செய்துகொண்டிருந்தது என்று எழிலனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வயிறு எரிந்தது. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

கீழே வீட்டு ஓனர் சபாபதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமீபத்தில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். மாடிச் சத்தம் தொந்தரவாக இல்லையா என்று எழிலன் மெல்ல விசாரித்தான். பகலில் கொஞ்ச நேரம்தானே, அந்தத் தம்பி ஆசையாக வாசிக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அவர்.

பஸ்ஸில் உட்கார்ந்தும் எழிலனுக்கு ஆறவில்லை. அவன் வீடு, ஊருக்கு வெளியே புது நகரில். சுற்றிலும் காலி மனைகள். அங்கே இடியே விழுந்தாலும் கேட்க ஆளில்லை. இடத்தைத் தனக்குக் கொடுத்துவிட்டு ஆம்ப்பை அவனுக்குக் கொடுத்திருக்கிறானே என்று கடவுளைத் திட்டினான். செம்மங்குப்பம் தாண்டுவதற்குள் போனை எடுத்து, சபாபதியிடம் வாங்கி வந்திருந்த நம்பரை அழுத்திவிட்டான்.

"சார், எழிலன் பேசறேன். தப்பா நெனச்சுக்காதீங்க, ஒங்க மேல இருக்கற அக்கறைலதான் சொல்றேன். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அந்த அதிர்வு ஆவாது சார். அவனுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வைத்ததும், அக்கறையில்தான் சொன்னேன் என்று தனக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டான். வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது தவ்ஹீத். கைலியில் சுற்றிய ஆம்ப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான். பஸ்ஸில் டிரைவரிடம் கெஞ்சி, இன்ஜின் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தானாம்.

"என்னடா இது?" என்றான் எழிலன்.

"ஓனர் வாசிக்க வேணான்னுட்டாரு மச்சான். நெஞ்சுக்கு ஆவாதாம். பாவம், அவர் ஒடம்பு அப்பிடி. நான் லேப்டாப்புலயே வாசிச்சு நேத்து அனுப்பிட்டேன். இது அங்க சும்மாதான் கெடக்கும். ஒன் வீட்டச் சுத்தி ஆளே இல்லியே, நீ இதுல வாசிச்சு அனுப்பு."

எழிலன் பதில் சொல்வதற்குள் அவனே உள்ளே கொண்டுபோய் வைத்தான். ஒயரைச் சொருகினான். கொண்டுவந்திருந்த மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்தி, தரையில் குந்தி, ஒரு விரல் தள்ளி, இரண்டு விரல் தள்ளி என்று இடம் பார்த்தான். தன்னுடைய ரெக்கார்டிங்குக்குக்கூட ஒருவன் அதற்கு மேல் மெனக்கெட முடியாது.

எழிலன் கிடாரை மாட்டிக்கொண்டான். இவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ? பேச்சுக் கொடுத்துப் பார்த்தான்.

"ஓனர் நல்ல மனுஷனாச்சே. யாரோ ஏத்தி உட்டிருக்காங்க."

தவ்ஹீத் மைக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீதான்னு சொல்லிட்டாரு மச்சான். சொல்ல வேணான்னு நீ சொன்னதையும் சேத்தே சொன்னாரு. அதான் இங்க எடுத்தாந்தேன். இதுமேல ஒன் அளவுக்கு ஆசப்பட்டவன் வேற யாரு இருக்கான்? ம், வாசி."