ஊறுகாய் பாட்டிலில் இரண்டு நிறம்

"பதினாறு வருஷமா இந்த வண்டியிலதான் குடித்தனம் பண்றே. எது தண்ணி மூடி, எது டீசல் மூடின்னு தெரியாதா உனக்கு?"

லாயிட் போட்ட சத்தத்தில் வரிசையிலிருந்த மோட்டார் ஹோம்களின் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. என்னுடையது முதலிலேயே விலகியிருந்தது.

வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் தலை நிமிரவில்லை. "தண்ணி ஹோஸை எதுல சொருகினேன்னு ஞாபகமே இல்ல லாயிட். நான்தான் போலிருக்கு."

"போலிருக்கா? பின்னே யாரு, பாலைவனத்து முயல் வந்து ஊத்திட்டுப் போச்சா?"

வடக்கத்திப் பனிக்குப் பயந்து, வீட்டு வண்டியோடு வந்து குளிரைக் கழிப்பவர்களின் பாலைவனப் பார்க் எங்களுடையது. குளிர்காலம் முடிந்து அன்று காலைதான் இருவரும் ஊருக்கு, மினசோட்டாவுக்குக் கிளம்பியிருந்தார்கள். நாலாவது மைலில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றே விட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து மறுபடி பார்க்கிலேயே விட்டார்கள்.

மெக்கானிக் ரூபென் பின்பக்கம் படுத்து ஃபில்டரைத் திறந்து, கிடைத்த ஊறுகாய் பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டினான். மேலே மஞ்சளாய் டீசல், கீழே இரண்டு விரல்கடைத் தண்ணீர். நடுவில் வகிடெடுத்தாற்போல் ஒரு கோடு.

"இதோட நின்னுச்சேன்னு சந்தோஷப்படுங்க சார். இன்னும் ரெண்டு மைல் போயிருந்தா இன்ஜெக்டர் அத்தனையும் காலி. டேங்கைக் கழுவி, லைனைக் கழுவி, ஃபில்டரை ரெண்டு தடவை மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்."

லாயிட் அழுக்குத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீசல் நெடி யாரை விட்டது.

லாயிட் எங்கள் பார்க்கின் எஞ்சின் வைத்தியர். எவர் வண்டி முனகினாலும் பின்னால் போய்க் காதை வைத்துக் கேட்டு, நோயைச் சொல்லிவிடுவார். மார்லிஸும் லேசுப்பட்டவள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பனியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், ஆயில் பார்க்காமல் சாவி போட மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் டீசல் டேங்கில் தண்ணீரை விட்டால் என்ன அர்த்தம்? மூளை தடுமாறுகிறது என்றுதானே. மதியத்துக்குள் பார்க் முழுக்க இதே பேச்சு. நான் ஒன்றும் எல்லாரிடமும் சொல்லவில்லை. சீட்டுக் கச்சேரியில் சொன்னேன், துணி துவைக்கும் அறையில் சொன்னேன். அப்புறம் ஃபீனிக்ஸில் இருக்கும் அவர்கள் மகன் கர்ட்டுக்கு ஒரு போன். பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாமா?

கர்ட் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே கறாராகச் சொல்லியிருந்தான். "ஓட்டறவர் தெளிவா இருக்கற வரைக்கும்தான் இந்த ஊர் சுத்தறதெல்லாம். அவர் தடுமாறினா அன்னிக்கே வண்டியை வித்துட்டு உங்க ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்."

மறுநாள் சனிக்கிழமை வந்து இறங்கினான். அம்மாவை மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டான்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"புதன்."

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?"

"சாப்பிட்டேனா?"

தட்டு இரவல் வாங்கும் சாக்கில் நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நாலு நாள் முன்னால்தான் சீட்டுக் கச்சேரியில், போன நவம்பர் இரண்டாம் செவ்வாயன்று நான் மடியில் ஒளித்த சீட்டு எது என்றுகூட ஞாபகமாகச் சபையில் சொல்லி மானத்தை வாங்கியிருந்தாள்.

"அப்பா, நீ சமாளிச்சுப்பியா?" என்றான் கர்ட்.

லாயிட் தரையையே பார்த்தார். "அவளுக்கு நான் இருக்கேன்." அழுக்குத் துணி மறுபடி கண்ணுக்குப் போனது.

கர்ட் அவரைக் கட்டிக்கொண்டான். "ஓட்டறது நீதானே, அது போதும். அம்மா மட்டும் இனிமே எந்த ஹோஸையும் தொடக் கூடாது." சாயங்காலமே திரும்பிப் போய்விட்டான்.

திங்கள் காலை ரூபென் ஸ்டார்ட் செய்தான். கொஞ்சம் வெள்ளைப் புகை கக்கிவிட்டு எஞ்சின் சீராக உறுமியது. லாயிட் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கையசைத்தார். பக்கத்து இருக்கையில் மார்லிஸ் எங்கோ வெறித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

அவர்கள் போன பிறகுதான் மார்லிஸிடம் இரவல் வாங்கிய கேசரோல் பாத்திரம் என் சமையல் மேடையில் இருப்பது ஞாபகம் வந்தது. கோல்ஃப் வண்டியை எடுத்துக்கொண்டு விரட்டினேன். பேரீச்சந்தோப்புத் திருப்பத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் வண்டி ஓரமாக நின்றிருந்தது.

எஞ்சின் இருப்பது பின்பக்கம். முன்பக்கம் கோயில் மாதிரி அமைதி. கதவருகே போய்த் தட்டக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றேன்.

ஸ்டியரிங்கில் மார்லிஸ். இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, மீட்டர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லாயிட், பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிய பையன் மாதிரி பெல்ட் போட்டு, அதே அழுக்குத் துணியைக் கண்ணில் வைத்திருந்தார்.

நான் தட்டவில்லை. பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த குளிருக்கு அவர்கள் வரவில்லை. அந்த இடத்தில் இப்போது கனடாவிலிருந்து ஒரு புது ஜோடி, அவருக்கு எழுபத்து மூன்று, அவளுக்கு எழுபத்தொன்று. கல்யாணமாகி ஆறு மாதம். நன்றாகவே சண்டை போடுகிறார்கள். நான் திரையை விலக்குவதில்லை.

விலக்கப் போனால் கை நின்றுவிடுகிறது. கியரைப் போட்டுக்கொண்டே மார்லிஸ் அன்று சொன்னது காதில் விழுகிறது.

"அடுத்த தடவை என்னைத் திட்டும்போது அழாதே லாயிட். தண்ணி ஊத்தினது நீதான்னு அந்த ஜன்னல்காரிக்குத் தெரிஞ்சுடப் போகுது."