பன்னிரண்டு நொடி

"பன்னிரண்டு நொடி போச்சு!" என்றார் கோட்டுக்காரர், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயோரி நோயாளியின் மணிக்கட்டை விட்டுவிட்டு அவசரமாக மருந்தை நீட்டினாள். நகோயாவின் அந்த மருத்துவமனையில், இந்த வார்டுக்கு அவள் வந்து இன்றுதான் முதல் நாள். காலையிலேயே தலைமை நர்ஸ் குவாபாரா காதில் போட்டிருந்தாள்: "டோக்கியோவிலேர்ந்து ஆய்வாளர் வந்திருக்கார். நம்ம வேலை எந்த வரிசையில நடக்குதுன்னு பார்த்து எழுதுவார். ஆள் குறைக்கச் சொன்னார்னா, புதுசா வந்தவங்கதான் முதல்ல வீட்டுக்கு."

அரை மணி நேரமாக அந்த ஆள் நிழலாக ஒட்டிக்கொண்டு வருகிறார். கோட்டில் 'ஆய்வாளர்' என்ற அட்டை.

"எதுக்கும்மா ஒவ்வொருத்தர் மணிக்கட்டையும் பிடிச்சுப் பார்க்கறே? கைரேகை ஜோசியமா?"

"பேர் எழுதின பட்டை சார். யாருக்கு எந்த மருந்துன்னு..."

"கதவுல நம்பர் இருக்கு, மருந்துத் தட்டுல நம்பர் இருக்கு. அது போதாது? முப்பது வருஷம் கார் தொழிற்சாலையில ஆளை வேலை வாங்கினவன் நான். பேரைக் கேட்டுட்டா ஸ்க்ரூ முடுக்குவாங்க?"

எதிர்த்துப் பேசினால் வேலை போகும். சாயோரி தலையைக் குனிந்துகொண்டாள்.

307-ஆம் அறை. கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். இன்சுலின் ஊசியை எடுத்தாள். இன்னொரு கை பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டுக்குப் போனது.

"ம்ம்?" கடிகாரம் அவள் மூக்குக்கு நேரே வந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். கட்டில்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"பேச்சு வேற! அதுல ஒன்பது நொடி வீணாப் போகும்!"

திறந்த வாயை அவர் மூடுவதற்குள் ஊசி தோளில் இறங்கி, வெளியே வந்துவிட்டது.

"நாலே நொடி! நீ பிழைச்சுக்குவே."

அப்பாடா என்று வெளியே வந்தாள். எதிரே குவாபாரா. கோட்டுக்காரரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள்.

"மறுபடியும் தொழிற்சாலைக்குக் கிளம்பிட்டீங்களா, ஓனோதெரா சான்?" அவருடைய கோட்டுக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. "சாயோரி, இவருக்கு ஞாபகம் பிசகிப்போச்சு. 307 இவரோட அறைதான். சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டுடு. அது சரி... இது ஆய்வாளரோட கோட்டாச்சே? காலியா இருக்கிற கட்டில்ல நோயாளி மாதிரி படுத்து, நாம பட்டையைப் பார்க்கறோமான்னு சோதிக்கப்போறேன்னு உடுப்பு மாத்திக்கிட்டுப் போனாரே, அவர் எங்கே?"

சாயோரி குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு 307-ஐ நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.