பாதி வழியில் கொதித்த கார்

சம்பந்தி வீட்டுக்குப் போகும் வழியில், ஒர்க்‌ஷாப் வாசலில் பெரியவரின் பழைய கார் ஆவி கக்கி நின்றது.

"மன்னிப்புக் கேட்க நான் தயார். வண்டி ஒத்துழைக்கணுமே!" என்று பெருமூச்சு விட்டார் பெரியவர்.

பேத்தியின் மூக்கு எந்தக் குடும்பத்து மூக்கு என்று சம்பந்திக்கும் அவருக்கும் சண்டை. இருவரில் ஒருவர் இறங்கி வராதவரை குழந்தையை யார் கண்ணிலும் காட்டமாட்டேன் என்று பெரியவரின் மகள் சொல்லிவிட்டாள்.

"நம்ம பரம்பரையில யாரும் அடுத்தவன் வாசப்படி ஏறி மன்னிப்புக் கேட்டதில்ல."

"நீங்க ஆரம்பிச்சு வைங்க" என்றாள் மனைவி.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். "தண்ணி இருக்கு. பெல்ட் இறுக்கமா இருக்கு. ஃபேனும் சுத்துது. அப்புறம் ஏன் இந்தக் கொதி?"

குனிந்து முன்பக்கம் கைவிட்டு, மடித்த அட்டை ஒன்றை உருவினார். "காத்துப் போகாம ரேடியேட்டரை யாரோ அடைச்சிருக்காங்க!"

"இது நம்ம டிவி வந்த பெட்டியாச்சே?" என்று மனைவி திரும்பினாள். பெரியவர் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு இது ரெண்டாவது வண்டிங்க. அந்தக் காருல கோணிச்சாக்கு."

மெக்கானிக் கைகாட்டிய காரின் பின்னால் ஒளிந்திருந்த சம்பந்தி, வேறு வழியின்றி எழுந்து நின்றார். அவர் மனைவி அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் எங்க வீட்டுக்குத்தானா?" என்றார் பெரியவர்.

"மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கன்னு வீட்டுல துரத்தி விட்டுட்டாங்க சம்பந்தி."

ஒரு கணம் இருவரும் விறைப்பாக நின்றார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன இருந்தாலும் உங்க மூளையே மூளை!" என்றார் சம்பந்தி, கண்ணைத் துடைத்தபடி. "அட்டை எனக்குத் தோணவே இல்லையே!"