ஒரு ஸ்டாம்ப் குறைவு

"எடுக்க முடியாதுய்யா. ஒரு ஸ்டாம்ப் குறையுது, திருப்பி அனுப்பு." போஸ்ட்மாஸ்டர் பழுப்புக் கவரை மேஜையின் விளிம்புவரை தள்ளிவிட்டார்.

தபால்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நம்ம தலைமை ஆபீஸ் கவர் சார்! குறையுறதுக்கு ரெட்டிப்பா தண்டம் கட்டி வாங்கிக்கலாமே."

"நான் எதுக்குய்யா கட்டணும்? ஸ்டாம்ப் விலையை ஏத்தக் கூடாதுன்னு அரசாங்கம் நம்ம கையைக் கட்டிப் போட்டிருக்கு. ஓசித் தபாலும் கூடாதுன்னு சொல்லிடுச்சு. மேலிடமே ஆனாலும் ஒழுங்கா ஒட்டித்தான் அனுப்பணும்."

நஷ்டத்தில் ஓடும் கிளைகளை முப்பதாம் தேதிக்குள் மூடிக்கொள்ளலாம், பிறகு இரண்டு வருடம் கைவைக்கக் கூடாது என்பதும் அரசாங்க உத்தரவுதான். இன்னும் ஐந்தே நாள். இந்த நேரத்திலா மேலிடத்தோடு மல்லுக்கு நிற்பது? கிளை போனால், பதினோரு வருடத் தற்காலிகத் தபால்காரர் நேரே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதுவும் போக, வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் போட்ட மனுவுக்குப் பதில்கூட அந்தக் கவருக்குள் இருக்கலாம். சட்டைப்பையில் கைவிட்டார். "தண்டத்தை நானே கட்டுறேன் சார்."

"அதை உன் பொண்ணு ஃபீஸுக்கு வெச்சுக்க. கவர் என் பேருக்கு வந்திருக்கு. வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை உண்டு."

சரியான பிசினாரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, கவரின்மேல் 'வாங்க மறுப்பு' என்று எழுதினார் தபால்காரர். ஸ்டாம்புகள் நூல் பிடித்ததுபோல் ஒட்டியிருந்தன. இவ்வளவு நேர்த்தியான ஆள் எண்ணிக்கையில் கோட்டை விட்டாரே!

போஸ்ட்மாஸ்டர் நிம்மதியாக டிபன் பாக்ஸை எடுத்தார். ஸ்டாம்ப் தாளின் ஓரத்தை நறுக்கி, அவர் பெயரை எழுதி, கோணாமல் மூடியில் ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை. போஸ்ட்மாஸ்டர் இரண்டு கையிலும் மையோடு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. திரையில் 'வீட்டம்மா'.

"ஸ்பீக்கர்ல போடுய்யா."

தபால்காரர் பொத்தானை அமுக்கினார்.

"என்னங்க, உங்க கிளையை மூடுற உத்தரவு இங்க தலைமை ஆபீஸுக்கே திரும்பி வந்துடுச்சு. மறுபடியும் அனுப்பச் சொல்லி என்கிட்டயே குடுத்திருக்காங்க. இந்தத் தடவையும் ஒண்ணு குறைச்சே ஒட்டட்டுமா?"